சீர் அடுப்பு

"மேகமலையில ஒத்த அறை வீடுண்ணே. குளிர்காய விறகு அடுப்பு வேணும்," என்றாள் சுடிதாரில் வந்திருந்த பாண்டீஸ்வரி. பக்கத்தில் அவள் அம்மா கஸ்தூரி.

சின்னமனூர் கடைக்காரர் விஜய்ராஜ், புகைக்குழாய் வைத்த பெரிய இரும்பு அடுப்பைத் தட்டிக் காட்டினார். "இதைப் பத்தவச்சா வீடு முழுக்கச் சூடு பரவும். சீர் சாமானா?"

"ஆமாண்ணே, அடுத்த வாரம் கல்யாணம். இதையே போடுங்க."

"வேணாம்," என்றாள் கஸ்தூரி. "அந்தா மூலையில கெடக்கே, அந்தக் குட்டி அடுப்பு போதும்."

"அதுவா? ஒட்டி உக்காந்தாத்தான் சூடே தெரியும் ஆத்தா. மலைக்குளிரு எலும்பைத் துளைக்கும்."

"துளைக்கட்டும்."

பாண்டீஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விஜய்ராஜுக்குக் கோபமே வந்துவிட்டது.

"மக கல்யாணத்துல போயி இம்புட்டுக் கஞ்சத்தனமா? புதுப்பொண்ணு நடுங்கணுமாக்கும்!"

"அய்யோ அண்ணே! எனக்குக் கல்யாணமாகி ரெண்டு புள்ளைக இருக்கு. நாங்கதான் அம்மாவுக்குச் சீர் செய்யுறோம். எஸ்டேட் மேஸ்திரி ஈஸ்வரபாண்டி ஐயாதான் மாப்பிள்ளை."

விஜய்ராஜ் அசடு வழிந்தபடி பெரிய அடுப்பையே முன்னால் இழுத்தார். "அப்ப நீங்கதான் நடுங்கக் கூடாது ஆத்தா. இதையே கொண்டு போங்க."

"சொன்னாப் புரியாதா தம்பி?" கஸ்தூரி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள். "அவுக ரொம்பக் கூச்சப்படுறவுக. வீடு முழுக்கச் சூடு பரவுச்சுன்னா, அந்தக் கடைசியில போயில்ல உக்காந்துக்கிருவாக!"