மறைத்து நின்றவள்

அந்தச் சுண்டுவிரலை அவளுக்குத் தெரியும்.

மற்ற விரல்கள் தேநீர்க் கோப்பையைப் பிடித்திருந்தன. அது மட்டும் வெளிப்பக்கமாக வளைந்து நின்றது, எப்போதோ உடைந்து தானாகக் கூடியதைப் போல.

கன்னியம்மாவின் இடது கை.

ஒரு வருடமாக அந்த விரலைப் பற்றி அவள் பேசிவருகிறாள். அருங்காட்சியகத்தின் மூன்றாவது அறையில், வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்பவளாக, பெரிய எண்ணெய் வண்ண ஓவியத்தின் முன் நின்று. ஆடையின்றி முக்காலியில் அமர்ந்திருக்கும் இளம்பெண். முழங்காலின் மேல் இடது கை. விரலை ஓவியர் வேண்டுமென்றே கோணலாக வரைந்திருக்கிறார், உடம்பின் சோர்வை எல்லாம் அங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறாள். ஒருமுறை துணைவேந்தரிடமும்.

யாரும் மறுத்ததில்லை.

தவறாக இருக்கலாம். விரல் கோணலானவர்கள் ஊரில் எத்தனையோ பேர்.

பிறகு முகத்தைப் பார்த்தாள். முப்பது வருடத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தாள்.

தவறில்லை. படத்தில் இருப்பவர் இவர்தான்.

பல்கலைக்கழக மதிலுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் பெண்களை, இந்தப் பக்கம் இருக்கும் கலை அருங்காட்சியகத்துக்கு அழைத்துவருவது அவளுடைய யோசனை. அதற்கு 'அக்கம்பக்கம்' என்று பெயர் வைத்ததும் அவள்தான். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். வந்துவிட்டார்கள். நல்ல சேலை கட்டி, பூ வைத்து, யாரும் சொல்லாமலே செருப்புகளை வாசலில் விட்டு.

"எங்க அத்த இங்க வேல செஞ்சவங்க மேடம்," என்றாள் ஜான்சி, கன்னியம்மாவின் மருமகள். "இந்தக் காலேஜ் மொத்தத்தையும் பெருக்குனது அவங்கதான். வீட்லதான் தொடப்பத்தத் தொடமாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கன்னியம்மாவும் சிரித்தார்.

பெருக்கியதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது அறைக்குப் போனால் இன்று இரவு மகனுக்குத் தெரியும். நாளைக் காலை தெருவுக்குத் தெரியும். எல்லோரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள்.

கன்னியம்மா அவளுடைய பார்வையைக் கண்டுகொண்டார். கோப்பையைக் கீழே வைத்தார். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

முதல் அறையில் அவள் வழக்கத்தைவிட மெதுவாகப் பேசினாள். இரண்டாவது அறையில் இன்னும் மெதுவாக. பேசிக்கொண்டே யோசித்தாள். மூன்றாவது அறையில் விளக்கு எரியவில்லை என்று சொல்லலாம். ஆனால் வெளியே போகும் வழி அந்த அறைக்குள்தான். வந்த வழியே திரும்பலாம். ஏன் என்று ஜான்சி கேட்பாள். ஜான்சி எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிறாள். அப்படிக் கேட்பவர்கள் வர வேண்டும் என்றுதான் இத்தனையும்.

அடுத்த அறையின் வாசலில் அருங்காட்சியக இயக்குநர் வந்து நின்றார்.

"அங்கயே நின்னுட்டா எப்படி? வாங்கம்மா, வாங்க. நம்ம மியூசியத்துக்கே பேர் வாங்கிக் குடுத்த படம் இங்கதான் இருக்கு."

வெறுங்கால்கள் நகர்ந்தன.

அவள் ஓடவில்லை. ஓடினால் தெரிந்துவிடும். வேகமாக நடந்தாள். எல்லோருக்கும் முன்னால் போய், படத்துக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

படம் அவளைவிடப் பெரியது.

உடம்பை மறைத்தால் முகம் தெரியும். முகத்தை மறைத்தால் உடம்பு தெரியும்.

முகம், என்று முடிவு செய்தாள். குதிகாலை உயர்த்தினாள். தன் தலைக்கு நேர் பின்னால்தான் அந்த முகம் இருக்கிறதா? இன்னும் கொஞ்சம் இடப்பக்கமோ? திரும்பிப் பார்க்க முடியாது.

"அய்யய்ய, ஒட்டுத்துணி இல்லாம!" என்று யாரோ சொன்னார். ஒருத்தி கண்ணைப் பொத்திக்கொண்டு விரலிடுக்கில் பார்த்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது," என்றார் இயக்குநர்.

அவள் பேசத் தொடங்கினாள். படத்தின் மரச்சட்டத்தைப் பற்றி. அது என்ன மரம் என்பதைப் பற்றி. எண்ணெய் வண்ணம் காய ஏன் அவ்வளவு நாளாகிறது என்பதைப் பற்றி. நிறுத்தினால் நகர வேண்டும். அதனால் நிறுத்தவில்லை. கெண்டைக்கால் நடுங்கத் தொடங்கியது.

"மேடமே படத்துக்குள்ள போயிடுவாங்க போல," என்றாள் ஜான்சி.

பெரிய சிரிப்பு.

கன்னியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவளுக்கு நேர் எதிரே, மிக அருகில் நின்றார். அழப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அல்லது மயங்கி விழுவதைப் போல நடித்து எல்லோரையும் வெளியே கொண்டுபோகப் போகிறார். அதுவும் நல்ல யோசனைதான்.

நகர மாட்டேன் என்று கண்களால் சொன்னாள்.

"நகரும்மா," என்றார் கன்னியம்மா. குரலைத் தாழ்த்தவில்லை. "ஊரெல்லாம் பாத்தாச்சு. நான்தான் பாத்ததில்ல. வரையும்போது எதிர்ல உக்காந்திருந்தவளுக்குப் படத்துணியோட பின்பக்கம்தானே தெரியும்."

சிரிப்பு நின்றது. ஒரேயடியாக இல்லை. ஒவ்வொருவராக.



அவள் குதிகாலை இறக்கினாள். எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியவில்லை.

நகர்ந்தாள்.

யாரும் படத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் கன்னியம்மாவைப் பார்த்தார்கள். கன்னியம்மா கண்களைச் சுருக்கினார். கழுத்தை முன்னால் நீட்டினார். ஒரு அடி பின்னால் போய்ப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார், தெளிவாகத் தெரியவில்லை போல.

ஜான்சி கைப்பையைத் திறந்தாள். அதற்குள் நெடுநேரம் துழாவினாள்.

மாமியாரின் கண்ணாடியை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள்.

அவர் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.