அறுபது அணைப்புகள்

இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு நெல்லையப்பன் இருமும்போதெல்லாம், தைத்த நெஞ்செலும்பு விலகாமலிருக்க ஆஸ்பத்திரி தந்த தலையணையை இறுக அணைத்துக்கொள்ள வேண்டும். அணைப்புகளைத் தலையணைக்குள் இருக்கும் கருவியே எண்ணி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

பதினோராம் நாள் நர்ஸ் பதறியடித்து வீட்டுக்குப் போன் செய்தார். "ஒரு மணி நேரத்துல அறுபது தடவை இருமியிருக்காரு! ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு."

"இருமல் இல்லம்மா, சிரிப்பு. சிரிச்சாலும் நெஞ்சு குலுங்குதுன்னு தலையணையைக் கட்டிக்கிடுதாரு," என்றாள் மனைவி கோமதி. "பயத்துல வாயே திறக்காத மனுஷன் இன்னிக்குத்தான் சிரிக்காரு. நலம் விசாரிக்க வந்த சித்தப்பா, இதே ஆபரேஷன்ல செத்தவங்க கதையாச் சொல்லிட்டு, கொண்டாந்த ஹார்லிக்ஸையும் அவரே குடிச்சிட்டுப் போனாரு. அதை நடிச்சுக் காட்டினேன்."

ஆம்புலன்ஸ் திரும்பிப் போனது. மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மருந்துச் சீட்டில் புதிய வரி சேர்ந்திருந்தது: "சித்தப்பா வேடம், தினம் ஒருவேளை, உணவுக்குப் பின். அசல் சித்தப்பாவைத் தவிர்க்கவும்."