சுவரைப் பார்க்கும் துரை

ஏரலில் அந்தப் பெரிய வீட்டின் கூடத்தில் உச்சிவெயில் ஒரேயொரு கண்ணாடி ஓட்டின் வழியாக இறங்கி, சுவரில் மாட்டிய எண்ணெய்ச் சித்திரத்தின் மேல் விழுகிறது. போன நூற்றாண்டுப் பட்டாளத்துத் துரை ஒருவர். சிவப்புக் கோட்டு மங்கிப் பாக்கு நிறமாகிவிட்டது. கன்னத்தில் சாயம் வெடித்திருக்கிறது. வாளின் பிடியில் இருக்கும் கை மட்டும் இப்போதுதான் வைத்ததுபோல் இருக்கிறது. பாளையங்கோட்டை பங்களா ஏலத்தில் இதை எடுத்துவந்து மாட்டிய கையோடு சொர்ணாம்பாளின் புருஷன் கொழும்புக்குக் கப்பலேறினார். இன்னும் திரும்பவில்லை; வீட்டில் அவள் மட்டும்தான். அந்நிய ஆண்பிள்ளை பார்க்க எப்படிச் சாப்பிடுவது? இலை போடுமுன் அவள் தினமும் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைக்கிறாள். இன்றும் சட்டத்தில் கைவைக்கிற நேரத்தில் வாசற்கதவின் வளையத்தை யாரோ தட்டுகிறார்கள்.

"உடன்குடிக் கருப்பட்டி வந்திருக்கு. வீட்டுல ஆம்பளையாளு உண்டா?"

கேட்டறியாத குரல். அவள் கை சட்டத்திலேயே நிற்கிறது.

"இருக்காக," என்கிறாள், தாழ்ப்பாளைப் பார்த்தபடி. "சாப்பிட்டுக்கிட்டு இருக்காக. பொறவு வாரும்."

மாட்டுவண்டியின் சலங்கைச் சத்தம் ஆற்றுப்பக்கம் தேய்ந்து போகிறது. படத்தைத் திருப்பாமலே கையை எடுக்கிறாள். அதன் கீழே தலைவாழை இலையை விரித்து, நீர் தெளித்து, அவியலை ஓரத்தில் வைத்துச் சோறு போடுகிறாள். ஆண்கள் உண்டு எழுந்த பிறகுதான் அந்த வீட்டில் பெண்கள் உட்காருவார்கள். சொர்ணாம்பாள் விசிறியோடு தூணருகே நிற்கிறாள். சோற்றின் ஆவி அடங்குகிறது. இன்னும் நிற்கிறாள்.