ரம்லத் வாசிக்காத செய்தி

“செய்தி வந்திருக்கு. இவதான் வாசிக்காம முழுங்கிட்டா,” என்றாள் விசாலாக்ஷி.

சுக்குக் கிடங்கில் அத்தனை முறங்களும் ஒரே நேரத்தில் நின்றன.

ரம்லத் பத்திரிகையை மடித்துத் தொடைக்கடியில் வைத்திருந்தாள். இன்றைக்கு அந்தச் செய்தி வரவில்லை என்று அவள் சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மட்டாஞ்சேரியில் அந்தக் கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கிற பெண்கள் எல்லாரும் தமிழ்க் குடும்பத்துக்காரர்கள். மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. ரம்லத் ஒருத்திக்குத்தான் அது வரும். தினமும் காலையில் மலையாளப் பத்திரிகையை முதலில் மனசுக்குள் ஒரு ஓட்டு ஓட்டிப் பார்ப்பாள். பிறகு அரை மணி நேரம் தமிழில் சொல்லிக்கொண்டே போவாள். அதுவரை அவள் கை சும்மா இருக்குமே என்று ஆளுக்கு ஒரு கை சுக்கு பொறுக்கி அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். மூன்று வருஷமாக இப்படித்தான். அவள் சொன்னதுதான் அவர்களுக்குப் பத்திரிகை.

தேர்தலுக்குப் பத்து நாள் இருந்தது. அரிசிக்கு ஆலாய்ப் பறந்த வருஷம். இரண்டு வேட்பாளர்களுக்கும் கண்ணாடிக்காரர், தாடிக்காரர் என்று பெண்கள் தாங்களே பேர் வைத்திருந்தார்கள். மட்டாஞ்சேரியில் அடுப்பெரியாத வீடு ஒன்றுகூட இல்லை என்று கண்ணாடிக்காரர் மேடையில் பேசினார். வடிகட்டின பொய் என்று மறுநாள் தாடிக்காரர் பேசினார். எது நிஜம் என்று எங்கள் நிருபர் நேரில் போய்ப் பார்த்து எழுதுவார் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. ஒரு வாரமாகக் கிடங்கில் வேறு பேச்சே கிடையாது.

ரம்லத் தாடிக்காரர் பக்கம். ஒச்சம்மாள் கண்ணாடிக்காரர் பக்கம். ஓட்டுக் கேட்டு வந்தபோது அவர் ஒச்சம்மாளைப் பெரியம்மா என்று கூப்பிட்டுவிட்டார். அன்றிலிருந்து அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

விசாலாக்ஷி வருகிற வழியில் சாயாக்கடையில் ஆண்கள் அந்தச் செய்தியைத்தான் அலசிக்கொண்டிருந்தார்களாம். என்ன போட்டிருக்கிறது என்று நின்று கேட்க முடியவில்லை. ஆனால் வந்திருக்கிறது, அது நிச்சயம்.

“இவ ஏன் முழுங்கினாள்னு எனக்குத் தெரியும்,” என்றாள் ஒச்சம்மாள். “இவ ஆளு சொன்னது பொய்யின்னு பேப்பர்ல போட்டிருப்பான். வாசிச்சா நாக்கு வெந்துருமில்ல? ஏ புள்ள, எங்க வீட்டுல நேத்தும் மத்திக் குழம்பு. பட்டினியாம் பட்டினி.”

எல்லாரும் சிரித்தார்கள்.

“என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க அக்கா. இன்னைக்கு இதை விட்டுருங்க,” என்றாள் ரம்லத்.

அது இன்னும் மோசமாகப் போயிற்று. இன்றைக்கு விழுங்கியவள் இத்தனை நாள் என்னென்ன விழுங்கினாளோ என்றாள் ஒருத்தி. போன மாசம் ரேஷன் அரிசி கூடும் என்று வாசித்தாளே, கூடியதா என்றாள் இன்னொருத்தி. ரம்லத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் பத்திரிகையை எடுத்துக் கொடுக்கவில்லை.

ஒச்சம்மாளே எழுந்து வந்து அதை உருவிக்கொண்டு போய், கிடங்குக் குமாஸ்தா வெங்கிட்டுவிடம் நீட்டினாள். அவர் பாலக்காட்டுக்காரர். இரண்டு பாஷையும் வாசிப்பார்.

“நீங்க வாசிங்க சாமி. ஒரு வரி விடக் கூடாது.”

வெங்கிட்டு பக்கத்தைத் தேடி எடுத்தார். உரக்கவே ஆரம்பித்தார். மட்டாஞ்சேரியில் பட்டினி இல்லை என்ற பேச்சு சரியல்ல. எங்கள் நிருபர் மூன்று நாள் நேரில் பார்த்தார். தர்மக் கஞ்சிக்கு வரிசையில் நின்ற மட்டாஞ்சேரிக்காரர்கள் ஏழு பேரிடம் பேசினார்.

அப்படியானால் ஜெயித்தது ரம்லத்தின் ஆள். ஜெயித்ததை எதற்கு மறைத்தாள்?

ஒச்சம்மாள் மட்டும் விடுவதாக இல்லை.

“ஏழு பேரு, எழுபது பேருன்னு யார் வேணும்னாலும் எழுதலாம். பேர் போட்டிருக்கானா? பேரைச் சொல்லுங்க சாமி.”

வெங்கிட்டு அடுத்த வரிக்குப் போனார். தலையைத் தூக்கி ரம்லத்தைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

“பேர் ஒண்ணும் போடலைம்மா,” என்றார். “கஞ்சி ஊத்துற இடம் கல்வத்தின்னு மட்டும்தான் போட்டிருக்கான்.”

கல்வத்தி அங்கிருந்து அரை மணி நடை.

பேரில்லாவிட்டால் கட்டுக்கதைதான் என்றாள் விசாலாக்ஷி. இந்தப் பொய்யை வாசிக்க வெட்கப்பட்டுத்தான் ரம்லத் மடக்கி வைத்தாள் என்று ஆயிற்று. நாளையிலிருந்து அவள் வாசிக்கவும் வேண்டாம், அவள் கூடைக்கு நாம் பொறுக்கிப் போடவும் வேண்டாம் என்று பத்துக் குரல் எழுந்தது.

“சரி அக்கா,” என்று மட்டும் சொல்லிவிட்டு ரம்லத் முறத்தை இழுத்து வைத்துக்கொண்டாள்.

அந்தக் கூச்சலில் ஒச்சம்மாளின் குரல் இல்லை. கல்வத்தி என்று கேட்டபோது நின்றவள், அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பிறகு வெங்கிட்டுவின் கையிலிருந்து பத்திரிகையை வாங்கினாள். மெதுவாக நடந்து வந்து ரம்லத்தின் மடியில் வைத்தாள்.

“பேர் போட்டிருக்கான் புள்ள. கஞ்சி வரிசையில வந்து பேரு கேட்டவன் முனிசிபாலிட்டி ஆளுன்னு நெனச்சு நான்தான் சொன்னேன்,” என்றாள். “மொதப் பேரு ஒச்சம்மாள். எல்லாருக்கும் கேக்கிற மாதிரி வாசி.”