இரண்டு காக்கை நாள்

கோகிலா ஐந்தாவது உருண்டையை வைக்கும்போது வேலியில் சைக்கிள் சாய்கிற சத்தம் கேட்டது.

அப்பாசாமி திரும்பிப் பார்க்கவில்லை. அது யார் சைக்கிள் என்று கஜா பெராங்கில் நாய்க்குக்கூடத் தெரியும்.

சி.ஐ.டி. பொன்னுதுரை. சட்டைதான் சாதாரணச் சட்டை. நடை போலீஸ் நடை.

கிணற்றடியில் மஞ்சள்செடி இலை விரித்திருந்தது. அதில் வெள்ளைச் சோறு, மஞ்சள் சோறு, சிவப்புச் சோறு. பொங்கலுக்கு மறுநாள் விடிந்ததும், குளிக்கிறதற்கு முன்னால், கூடப் பிறந்தவன் நன்றாக இருக்கவேண்டும் என்று பெண்கள் காக்கைக்கு வைக்கிற கனுச்சோறு.

கோகிலாவுக்குக் கூடப் பிறந்தவன் ஒருத்தன்தான், சேதுபதி. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவன், பதின்மூன்று வருஷமாய்த் திரும்பவில்லை. அப்பாசாமி மகளிடம் அப்படித்தான் சொல்லியிருந்தார். ஊரிலும் அதே பேச்சுதான்.

பொன்னுதுரை அதை நம்பவில்லை. சேதுபதி சயாம் பக்கமே போகவில்லை, வெள்ளைக்காரனை எதிர்க்கிற கம்யூனிஸ்டுகளோடு காட்டுக்குள் துப்பாக்கி தூக்கித் திரிகிறான் என்று அவனுக்குச் சந்தேகம். காட்டுக்காரன் வீடு என்று உறுதியானால் போதும், மிச்சமிருக்கிறவர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்தில் இறக்கிவிடுவார்கள். கோகிலா பிறந்தது இங்கே. அங்கே அவளுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆள் கிடையாது.

விசேஷ நாளாகப் பார்த்துத்தான் வருவான். போன தைப்பூசத்துக்கு வந்தவன், மோட்டுவளையில் செருகியிருந்த மயிலிறகுக் கட்டைக் காட்டி, இந்தக் காவடியைத் தூக்க யார் வரப்போகிறார் என்றான். சஷ்டிக்கு வந்தபோது, கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல் யார் பேரில் என்றான்.

"உங்க வீட்டுல வருஷம் பூரா பறவைக்கே திருநாள், பெரியவரே," என்றான் இன்றைக்கு.

அப்பாசாமி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

"இது யாருக்கும்மா?"

"எங்க அண்ணனுக்கு," என்றாள் கோகிலா. கள்ளம் தெரியாத பெண்.

பொன்னுதுரை இலைக்கு எதிரில் குந்தினான்.

"ஆடி அமாவாசைக்கு வந்தேன். உங்க அப்பாவுக்கு வச்சீங்க, சம்சாரத்துக்கு வச்சீங்க. மகனுக்கு வைக்கல. புரட்டாசி அமாவாசைக்கும் வைக்கல. இத்தனை வருஷம் தகவல் இல்லாதவனுக்கு எவனும் வச்சு முடிச்சிருப்பான். இருக்கிறவனுக்குத்தானே கனு?"

இவனும் தமிழனாய்ப் போனதுதான் தொல்லை. வெள்ளைக்காரத் துரைக்கு எல்லாக் காக்கையும் ஒன்று. உயிரோடு இருக்கிறவனுக்கு ஒரு காக்கை நாள், செத்தவனுக்கு ஒரு காக்கை நாள் என்று இவனுக்குத் தெரியும்.

இருக்கிறான் என்றால், எங்கே என்பான். செத்தான் என்றால், உனக்கு எப்படித் தெரியும் என்பான். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் பொறி. பக்கத்தில் மகள் வேறு அப்பன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

தெங்கேரா பக்கமிருந்து கடற்காற்று வந்து இலை நுனியைத் தூக்கியது. ரம்புத்தான் மரத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. இறங்கவில்லை.

"சொல்லுங்க. இருக்கானா, இல்லையா?"

"நான் படிக்காதவன், தம்பி. அந்தா உக்காந்திருக்கே, அது காட்டுக்கும் போவுது, ஊருக்கும் வருது. அதைக் கேளு."

கோகிலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொன்னுதுரைக்கு வரவில்லை. எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினான்.

"ஆகஸ்டுல மெர்டேக்கா, சுதந்திரம் வந்துடும். அதுக்குள்ள உங்க மகனைப் பிடிக்கணும்னு மேல சொல்லிட்டாங்க."

"கொடி மாறினா நீயும் மாறிடுவியா?"

"தொப்பி மாறும், பெரியவரே. நான் வருவேன்." சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தான். "உயிரோட இருக்கான்னு எழுதிக்கிறேன். எங்கன்னு தெரியிற அன்னிக்கு உங்க ரெண்டு பேருக்கும் கப்பல்."

"எழுதிக்க," என்றார் அப்பாசாமி.

சைக்கிள் சத்தம் முக்குத் திரும்பித் தேய்கிறவரைக்கும் அவர் அசையவில்லை. காக்கையும் அசையவில்லை.

"ஏம்பா அப்படிச் சொன்னீங்க? அவர் அண்ணனைத் தேடுவாரே."

"தேடட்டும். நீ போய்க் குளி."

துத்தநாகத் தகரத்துக்குப் பின்னால் முதல் வாளித் தண்ணீர் விழுந்தது.

அப்பாசாமி மடியை அவிழ்த்தார். ஆடி மாதத்திலிருந்து மடியிலேயே கிடக்கிற சின்னத் துணி முடிச்சு. பிரித்தார். கறுப்பு எள்.

போன ஆனியில் ஒருநாள், வேறோர் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷன் முற்றத்தில், காணாமல் போன பிள்ளைகளின் அப்பன்மாரை வரிசையில் நிறுத்தினார்கள். ஒரு வெள்ளைக்காரன் பிணத்தை மூடியிருந்த தார்ப்பாயை விலக்கினான். அப்பாசாமி முகத்தைப் பார்க்கவில்லை. இடது காலைப் பார்த்தார். சுண்டுவிரல் இல்லாத கால். ஆறு வயதில் மாட்டு வண்டிச் சக்கரம் ஏறிய கால். யாரென்று தெரியாது என்றார். கட்டைவிரலை மையில் தொட்டுத் தாளில் வைத்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சோறு தின்றார்.

இரண்டு அமாவாசை அவன் பட்டினி கிடந்துவிட்டான்.

அப்பாசாமி நடு உருண்டையில் எள்ளைத் தூவினார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தண்ணீரை வழியவிட்டார். பேரை வாய்விட்டுச் சொல்லவில்லை.

மரத்திலிருந்து காக்கை இறங்கியது.

கோகிலா ஈரத்தலையோடு ஓடிவந்தபோது இலையில் இரண்டு உருண்டைதான் மிச்சம்.

"காக்கா சாப்பிட்டுச்சாப்பா?"

"சாப்பிட்டுச்சு."

"அப்ப அண்ணன் நல்லா இருக்காரு."

அப்பாசாமி தலையாட்டினார். விரலில் ஒட்டியிருந்த ஓர் எள்ளை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.