கூட்டாளி விசாரித்த இடம்

இந்தக் காலத்தில் யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

ஆன்லைனில் பாடம் நடத்துவதற்காகத் தன் வேலையையே விட்டவள் என் மகள். தேடித் தேடிக் கிடைத்த கூட்டாளி இன்று விலகிவிட்டான்.

"எதையும் பாதியில விட்டுட்டுப் போற பொண்ணுன்னு யாரோ சொல்லிட்டாங்கப்பா. யாருன்னு கேட்டா, தெரிஞ்சா தாங்க மாட்டீங்கங்கறார்," என்று அழுதாள்.

"எந்தப் படுபாவியோ! அவன் வாயில புழு வைக்க," என்றாள் என் மனைவி.

மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் பழைய மோட்டார் விற்கிறவன். வாங்க வருகிறவனிடம் சரக்கை நானே குறைசொல்வேன். அப்போதும் வாங்கத் துடிப்பவன் கடன் சொல்லிவிட்டுக் காசு தர மாட்டான், தயங்குகிறவன்தான் யோக்கியன். கூட்டாளி போனில் விசாரித்தபோதும் அப்படித்தான் சோதித்தேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். யோக்கியன்தான். ஆனாலும், பெற்ற அப்பனே சொன்னால்கூட இன்னொருத்தரிடம் விசாரிக்க வேண்டாமா?