சண்டை இல்லாத வீடு

காலை ஏழு மணிக்குக் குளியலறைக் கண்ணாடி வழக்கம்போல் புஷ்பமேரியின் மூளையைப் படம் பிடித்தது. இரத்தக்குழாயில் இருந்த வீக்கம் வளரவில்லை. ஆனாலும் கணவன் சவரிமுத்துவின் கைக்கடிகாரத்துக்கு அன்றைய எச்சரிக்கை போனது: "மனைவி கோபப்பட்டால் வீக்கம் வெடிக்கலாம். அவரோடு சண்டை வேண்டாம்."

வீக்கத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து அந்த வீட்டில் சண்டையே இல்லை.

புஷ்பமேரி சாம்பாரில் கைநிறைய உப்பை அள்ளிப் போட்டு, இட்லியோடு பரிமாறினாள்.

சவரிமுத்து ஒரு வாய் தின்றான். கண் கலங்கியது. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினான்.

"அருமையா இருக்கும்மா."

அவள் அந்தக் கடிகாரத்தைக் கழற்றிச் சாம்பாருக்குள் போட்டாள்.

"கல்யாணத்தன்னைக்கே எங்கிட்ட மல்லுக்கு நின்ன மனுசன்தான நீங்க? ஏட்டின்னு கூப்பிட்டு ஒரு ஏச்சு ஏசுங்க பாப்போம். நான் என்ன, செத்தா போயிட்டேன்?"